மஞ்சள் குறித்த சரிவு

முப்பது வயது தாண்டும்வரை கார்குழலி ஒரு மலையையும் காலால் மிதித்ததில்லை. பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிந்த ஏற்றம் கோரிமேடு ஒன்றுதான். அதுவும் சைக்கிள் மிதித்தால்தான் ஏற்றம் என்று தெரியும்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் ஒரு ஓட்டல் வாசலில் காவலுக்கு நின்றார். கல்லூரியில் அவள் கேட்டது வணிகவியல், கிடைத்தது புவியியல். முதல் வருடம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வகுப்புக்குப் போனாள். ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்த, விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை ஒரு கண்ணாடிக் கருவி வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். தட்டையான தாளிலிருந்து ஒரு மலை எழும்பி, மூக்கில் இடிப்பதுபோல் நின்றது. அன்றைக்கு அந்தப் பாடத்தோடு ஒட்டிக்கொண்டவள்தான், பிறகு விடவில்லை.

மிஷன் வீதிப் பக்கம் மாடியில் ஒரு சின்ன வரைபட அலுவலகம். மண்ணியல் படித்த இராமதாஸ் அதை நடத்தினார். மலை மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடம் போட்டுத் தருவது அங்கே முக்கிய வேலை. செயற்கைக்கோள் படத்தில் பழைய சரிவுகள் தழும்புபோலத் தெரியும். கார்குழலி அவற்றைக் குறிப்பாள். சாய்வு எவ்வளவு, மண் எப்படி, ஓடை எங்கே, ரோடு எங்கே வெட்டியிருக்கிறது என்றெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு நிறம் வரும். பெரிய ஆபத்துக்குச் சிவப்பு, குறைந்ததற்கு மஞ்சள்.

அவள் தங்கை சரிதாவைக் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வினோத்குமார் தேயிலை ஃபாக்டரியில் மெக்கானிக். ஃபாக்டரிக்கு மேலே சரிவை வெட்டிச் சமன் செய்து, நீலத் தகரம் போட்டு வீடு கட்டியிருந்தார். ஒரு வருடம் அந்த மலையே அலுவலகத்துக்கு வேலையாக வந்தது. கணினியில் நிறங்கள் விழுந்து முடிந்தபோது, அந்த நீலத் தகரம் சிவப்புக்கு நட்டநடுவில் இருந்தது.

கார்குழலி வெகுநேரம் அசையாமல் இருப்பதைப் பார்த்து இராமதாஸ் எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"நெறத்த மாத்தலாமான்னு கேக்கப் போறியாம்மா?"

"இல்ல சார். லீவு கேக்கப் போறேன்."

அப்படித்தான் அவள் முதல்முறையாக மலை ஏறினாள். பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்து, சாய்ந்து நின்ற கம்பத்தையும் தரையில் ஓடிய வெடிப்பையும் காட்டினாள். "மழையில ஊத்துத் தண்ணி கலங்குனாலும், மண்ணு நகந்து, சாத்துற கதவு திடீர்னு சாத்தாம போனாலும், பாத்திரம் பண்டம்னு பாக்காத. கெளம்பிடு" என்றாள்.

வினோத்குமாருக்குக் கோபம். "பாண்டியில கடலப் பாத்துக்கிட்டு உக்காந்து, எங்க வீடு விழும்னு சொல்றீங்களேக்கா. நாங்க எங்க போறது?"

"விழும்னு சொல்லல தம்பி. விழக்கூடும்னுதான் சொல்றேன். பெருமழை பேஞ்சா மட்டுமாவது எறங்கி இருங்க."

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். பெருமழை என்றால் மலையின் மறுபக்கம் சரிதாவுக்குப் பழக்கமான ராஜாம்பாள் வீட்டுக்குப் போய்விடுவது. தேயிலை பறித்து ஓய்ந்த விதவை அவர், தனியாக ஒரு மாடு வைத்துக்கொண்டிருந்தார். கார்குழலி வரைபடத்தைப் பார்த்தாள். அந்த இடம் மஞ்சள். நிம்மதியாக ஊர் திரும்பினாள்.

அடுத்த ஐப்பசியில் வங்கக் கடலில் புயல் சின்னம். பாண்டியில் கொட்டிய மழை மறுநாள் மலைக்குப் போனது. கார்குழலி போன் செய்து வற்புறுத்த, சரிதாவும் வினோத்குமாரும் ராஜாம்பாள் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை சரிதா கூப்பிட்டாள்.

"அக்கா, ராஜாம்பாள் அம்மா வீடு இல்ல. மண்ணு வந்து மூடிடுச்சி."

விடிந்ததும் சரிதா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். எப்போதும் கண்ணாடிபோல் வரும் ஊற்று டீ நிறத்தில் வந்திருக்கிறது. திரும்பி வந்தால் பின்கதவு சாத்தவில்லை. போட்டது போட்டபடி கிளம்பச் சொன்னாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று ராஜாம்பாள் நகர மறுக்க, வினோத்குமார் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பள்ளிக்கூடத்து மேட்டை எட்டியதும் பின்னால் சத்தம் கேட்டது. மாட்டை அவிழ்க்க நேரமில்லை.

நீலத் தகர வீடு மட்டும் அப்படியே நின்றது.

"நீ மஞ்சள்னு சொன்ன எடம்க்கா" என்றாள் சரிதா. குற்றம் சாட்டவில்லை, அழுதாள். கார்குழலி அன்று முழுக்க அந்த மஞ்சள் துண்டையே கணினியில் திறந்து வைத்துத் தேடினாள்.

மழை விட்டதும் இராமதாஸும் அவளும் போய்ப் பார்த்தார்கள். ராஜாம்பாள் வீட்டுக்கு மேலே புதிதாக ஒரு ரோடு வெட்டியிருந்தது. செயற்கைக்கோள் படம் எடுத்ததற்குப் பிறகு வந்த ரோடு. அதன் வடிகால், போக வழியில்லாமல் சரிவிலேயே முடிந்திருந்தது. மழைத் தண்ணீர் முழுவதும் அந்த மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது.

"மறுபக்கம் வந்து பாக்காம போனேன் சார்."

"பாக்கச் சொல்லி நானும் சொல்லலம்மா" என்றார் இராமதாஸ்.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ராஜாம்பாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான்தாங்க அந்த எடத்துக்கு மஞ்சள் போட்டவ. ஆபத்து கம்மின்னு சொல்லி அனுப்புனதும் நான்தான்."

ராஜாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கதவு சாத்தலன்னா ஓடுன்னு உன் தங்கச்சிக்குச் சொன்னதும் நீதானே. ரெண்டையும் சேத்து வச்சுக்க." பிறகு, "மாடுதான் போச்சு. சினையா இருந்துச்சு" என்றார். கார்குழலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

அந்த வரைபடத்தை அவள் புதிதாகப் போட்டாள். நடந்து பார்க்காத சரிவுக்கு இப்போது நிறம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் முன்பு ஒருதரம் போய்வருகிறாள். பஸ் வாந்தி மட்டும் நின்றபாடில்லை. மலையிலுள்ள பெண்கள் ஊற்றையும் வெடிப்பையும் போனில் படமெடுத்து அனுப்புகிறார்கள். ரோட்டு வடிகாலை ஓடைக்குத் திருப்ப வினோத்குமார்தான் ஆள் சேர்த்து, அலைந்து, காரியத்தை முடித்தார். ஆனால் சிவப்பில் நிற்கும் அந்த வீட்டை விட்டு வர அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. அதைப் பற்றி அக்காளும் தங்கையும் போனில் சண்டை போடுகிறார்கள்.

போன கோடையில் சரிதாவோடு ராஜாம்பாளும் பாண்டிக்கு வந்தார். கடல் பார்க்கவேண்டும் என்றவரைக் கார்குழலி குருசுக்குப்பத்துக்குக் கூட்டிப்போனாள். அலை அரிக்காமலிருக்கக் கரையோரம் கொட்டியிருந்த கருங்கல்லைப் பார்த்து ராஜாம்பாள் நின்றார்.

"இங்கயும் மண்ணு போகுதா?"

"போகுதுங்க. அடிலேர்ந்து போகுது."

ராஜாம்பாள் மீன்காரப் பெண்ணிடம் சங்கரா மீனுக்குப் பேரம் பேசப் போய்விட்டார்.