ஒரு பாட்டில் டீசல்

மண் தோண்டும் எந்திரங்களில் எலெக்ட்ரிகல் கோளாறு பார்ப்பதுதான் என் பிழைப்பு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், ஜப்பானில் உழைத்துக் களைத்த பொக்லைன்கள் கப்பலேறி டெல்லிக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றின் எஞ்சினைக் கம்ப்யூட்டர்தான் ஆட்டிவைக்கும். டீசல் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று அதற்குச் சொல்ல, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சென்சார் இருக்கும். அழுத்தம் குறைந்தால் கேபினுக்குள் ஒரு எண் மின்னும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். சென்சார் போய்விட்டது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். பெரும்பாலும் அதில் ஒரு குறையும் இருக்காது. உண்மையைச் சொன்ன பாவத்துக்கு அதைக் கழற்றி எறிவார்கள்.

அதனால் எனக்கு ஒரு வழக்கம். மீட்டரை எடுக்கும் முன் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் பிடிப்பேன். நிறம் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் டீசலின் வழவழப்பு போய்விடும். பம்பு உள்ளுக்குள்ளேயே தேயும். அந்த இரும்புத் தூள், டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் வரைக்கும் போய் அடைக்கும். அதற்குப் பிறகு இந்தப் பழைய எந்திரங்களைச் சரிசெய்வதைவிட எடைக்குப் போடுவது லாபம்.

பாட்டிலைக் கண்டாலே முதலாளிகளுக்கு முகம் கறுத்துவிடும். மலிவான மண்ணெண்ணெயைக் கலப்பது திருட்டுத்தனம் என்று அவர்களுக்கும் தெரியும். "பையா, எங்களைத் திருடன் என்கிறாயா?" என்று ஒருவர் இந்தியில் கத்தி என் சட்டையைப் பிடித்ததுகூட உண்டு. நான் விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதற்குத் தொழில் தர்மம் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஜனவரி காலையில் அவர் என்னைத் தேடி வந்தார். தமிழர் குடிசைகள் நிறைந்த மதராசி கேம்ப்பில் குடியிருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருடம் அடுத்தவர் எந்திரத்தை ஓட்டியவர். மனைவி வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துச் சேர்த்ததையும் அவள் நகைகளையும் போட்டுப் பழைய பொக்லைன் ஒன்றைச் சொந்தமாக வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"நீங்க தமிழுன்னு சொன்னாங்க சார். வண்டி தெணறுது. இது நின்னு போச்சுன்னா நான் மறுபடியும் அடுத்தவன் வண்டி சீட்டுலதான் போயி ஒக்காரணும்" என்றார்.

என் அம்மா பேசிய கள்ளக்குறிச்சித் தமிழ். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் பிள்ளைகள் என்னோடு இந்தியில்தான் பேசுவார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது.

துவாரகா பக்கம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும் இடத்தில் எந்திரம் நின்றது. என்னை வேலை பார்க்க விடாமல் முதலில் தூக்குவாளியைத் திறந்தார். அவர் மனைவி எனக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள். மிளகாய்ப்பொடியோடு ஆறு இட்லி தின்றேன். கை கழுவிவிட்டுப் பையைத் திறந்தால் பாட்டில்தான் முதலில் அகப்பட்டது. இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, டீசலில் என்ன கலந்தாய் என்று கேட்பதா? வெட்கமாக இருந்தது. பாட்டிலை உள்ளே தள்ளிவிட்டு மீட்டரை எடுத்தேன்.

சென்சாருக்கு மூன்று வயர். ஐந்து வோல்ட் சரியாக வந்தது, எர்த் சரி. மூன்றாவது வயரில் மட்டும், எஞ்சினுக்குப் பளு ஏற ஏற அளவு இறங்கியது. சென்சார் பொய் சொல்கிறது, அல்லது அழுத்தமே உண்மையில் இல்லை. இரண்டாவது என்றால் டீசலைப் பார்த்தாக வேண்டும். ஆகவே முதலாவதுதான் என்று முடிவு கட்டினேன். மாயாபுரி பழைய சாமான் கடையில் வேறொரு சென்சார் வாங்கிப் பொருத்தி, மின்னிய எண்ணை அழித்தேன். எஞ்சின் சீராக ஓடியது. அவர் என்னைக் கும்பிட்டார்.

ஐந்தாம் நாள் மறுபடியும் அதே எண். இந்த முறை வயரிங் என்றேன். அரை நாள் செலவழித்துப் புது வயர் இழுத்தேன். அன்றும் பாட்டிலை எடுக்கவில்லை. இப்போது கேட்டால், முதல் நாளே ஏன் கேட்கவில்லை என்று ஆகிவிடுமே. "ஓட்டுங்க அண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

இரண்டே நாளில், அள்ளிய மண்ணோடு எந்திரத்தின் கை அந்தரத்தில் நிற்க, எஞ்சின் அணைந்துபோனது. பம்பைக் கழற்றி உள்ளேயிருந்த டீசலை விரலால் தொட்டேன். விரல் நுனியெல்லாம் வெள்ளிப் பொடி. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அவர் மேல். "அண்ணே, கெரசின் கலந்தீங்களா?"

"ஆமா சார்" என்றார், கொஞ்சமும் தயங்காமல். "டண்டுல டீசல் கட்டிக்கும்ல? குளுரு காலத்துல எல்லா வண்டிக்கும் ஊத்துவோமே. இருவது வருசமா ஊத்தறேன். ரேசன்ல வாங்கற எண்ணெய்தான். ஊட்ல அவ சுள்ளி பொறுக்கி எரிச்சிக்கினு இதுக்குக் குடுத்துட்டா."

பழைய காலத்து முரட்டு எஞ்சின்கள் அதைக் குடித்துச் செரித்துவிடும். இவை செரிக்காது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மெதுவாகக் கேட்டார். "ஊத்தக் கூடாதா சார்? நீங்க கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

முதல் நாளே கேட்டிருந்தால் டேங்கைக் காலி செய்திருப்போம், பம்பு பிழைத்திருக்கலாம். நான் சந்தேகப்பட்டு அவமானப்படுத்தியவர்கள் எல்லோரும் தங்கள் எந்திரத்தோடு வீடு போனார்கள். நான் மரியாதை கொடுத்த ஒரே ஆள் நாசமாய்ப் போனார். எந்திரம் மாயாபுரிக்கு எடைக்குப் போனது. அவர் கண்ணுக்கு நான் நல்லவனாகத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

அடுத்த குளிர்காலத்தில் குர்கானில் ஒரு பெரிய காண்ட்ராக்டர் எந்திரம் பார்க்கக் கூப்பிட்டார். அதே கோளாறு. கேபினிலிருந்து இறங்கி வந்த ஆபரேட்டர் அவர்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

நான் பையைத் திறப்பதற்குள் அவர் ஒரு பாட்டிலை நீட்டினார். டேங்கின் அடியிலிருந்து பிடித்துத் தயாராக வைத்திருந்தார்.

"மொதல்ல இதப் பாத்துடுங்க சார்" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்தேன். சுத்தமான டீசல். நான் தலையாட்டியதும் அவர் திரும்பிப் போய், அடுத்தவன் வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.