நடு வரிசை, வலமிருந்து மூன்றாவது

அண்ணி உட்கார்ந்தபடி தொலைபேசியில் பேசி நான் பார்த்ததில்லை. எண்களை அழுத்துவதற்கு முன் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிடுவார். வலது காதின் தோட்டைக் கழற்றிப் பேனாக் குவளைக்குள் போடுவார். அது கிளிங்கென்று விழும். பிறகு, யாரோடு பேசப்போகிறாரோ அவருடைய பழைய வகுப்புப் புகைப்படத்தை எடுத்து விரித்து, அந்த முகத்துக்குக் கீழே இடது கை ஆள்காட்டி விரலை வைத்துக்கொள்வார். மறுமுனையில் இருப்பவர் ஐம்பது வயது டாக்டராக இருக்கலாம். பேச்சு முடியும்வரை விரல் அந்தப் பதினான்கு வயது முகத்தை விட்டு நகராது.

"எதுக்கு அண்ணி நிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உக்காந்து பேசினா காசு கேக்குற மாதிரி இருக்கும் தம்பி. நின்னுட்டுப் பேசினா வீட்டுக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கும்."

அவர் ஒரு தனியார் பள்ளியில் நிதி திரட்டுதல், பழைய மாணவர் தொடர்பு, விழாக்கள் மூன்றுக்கும் தலைமைப் பொறுப்பாளர். அவ்வளவு நீளமான பதவிக்கு அவ்வளவு குட்டியான அறை. மாடிப்படிக்கு அடியில், ஒரு பக்கம் கூரை சரிந்து வரும். உயரமான விருந்தாளிகள் குனிந்துதான் நன்கொடை தரவேண்டும். அடுத்த அறை விளையாட்டுச் சாமான் கிடங்கு. எப்போதும் ரப்பர் பந்து வாசனை. லிஃப்ட் பழுதுபார்க்கும் என் அண்ணன் இதைச் சொல்லியே மாய்ந்துபோவார்: "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் நான் மேல ஏத்திவிடுறேன். எங்க வீட்டம்மாவைப் படிக்கட்டுக்கு அடியில போட்டு வச்சிருக்காங்க."

பழைய மாணவர் இதழைப் பக்கம் அமைப்பதும் கடிதங்கள் எழுதுவதும் உறைகளுக்கு முகவரி ஒட்டுவதும் என் வேலை. நான் எழுதிய முதல் அழைப்பிதழைப் படித்துவிட்டு அண்ணி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா வரச் சொல்றியா, வேணாம்னு சொல்றியான்னு மூணு தடவை படிச்சாத்தான் தெரியுது" என்றார். நான் படிக்கும் கவிதைகளின் கோளாறு அது. அதற்குப் பிறகு எங்கே, எப்போது என்பதை முதல் வரியிலேயே எழுதக் கற்றுக்கொண்டேன்.

அண்ணி வருவதற்கு முன் பழைய மாணவர் பட்டியல் பொதுத்தேர்வு முடிவுகளைப் பார்த்துத் தயாரானது. அண்ணி அதை ஓரமாக வைத்துவிட்டு வகுப்புப் புகைப்படங்களிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், பட்டப்பெயர், நின்ற இடம். ஒருவரைக் கண்டுபிடித்தால், "உங்க பக்கத்துல சட்டைப் பொத்தான் தப்பாப் போட்டிருக்காரே, அவர் யாரு?" என்று கேட்டு அடுத்தவரைப் பிடிப்பார். இரண்டு வருடத்தில் நாற்பத்தாறு ஆண்டுகளின் படங்கள் முடிந்தன.

அப்போதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. ஒன்பதாம் வகுப்புப் படத்தில் இருக்கும் சில முகங்கள் பத்தாம் வகுப்புப் படத்தில் இல்லை. எல்லா வருடமும் நாலு பேர், ஐந்து பேர். பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற பதாகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். அந்த நூறு குறையாமல் இருக்க, பொதுத்தேர்வில் தேறமாட்டார்கள் என்று தோன்றியவர்களின் கையில் ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் இருந்திருக்கிறது. அவர்களை அண்ணி தனித் தாளில் எழுதிவைத்தார். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று பேர். ஒரே ஒருவருக்கு மட்டும் பெயரோ முகவரியோ கிடைக்கவில்லை. அந்த வரி காலியாக இருந்தது.

பள்ளியின் ஐம்பதாவது ஆண்டு வந்தது. பழைய மாணவர்களை அழைத்துப் பெரிய விழா நடத்தி, புதிய நூலகக் கட்டடத்துக்கு நிதி திரட்டவேண்டும். தாளாளர் அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "நூலகத்துக்கு வேண்டியது சேரலைன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து விழாவை வெளிக் கம்பெனிகிட்டக் கொடுத்துடலாம்னு டிரஸ்ட்ல பேசிக்கிறாங்கம்மா. உங்க பிரிவே வேணாம்னு ஆயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. பத்து வருடத்துக்கு முன், பள்ளியை நடத்தும் டிரஸ்ட் அவரைப் பொறுப்பில் அமர்த்தியது. தாழ்ந்த குரலில் பேசுவார். கூட்டங்களில் நடு இருக்கையை விட்டுவிட்டுச் சன்னலோர மூலை நாற்காலியில்தான் உட்காருவார்.

தப்பு செய்தது நான். படித்து முடித்தவர்கள் ஒரு தாள், ஒன்பதோடு போனவர்கள் இன்னொரு தாள். இரண்டும் ஒரே கோப்பில் இருந்தன. கணினியில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து முகவரிச் சீட்டுகளை அச்சிட்டுவிட்டேன். பள்ளி வெளியே அனுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, 'உங்கள் பள்ளி உங்களை மறக்கவில்லை' என்று நான் எழுதிய அழைப்பிதழ் போய்ச் சேர்ந்தது.

ஒன்று திரும்பி வந்தது, நேராகத் தாளாளர் பெயருக்கு. அதன் பின்பக்கம் நீலப் பேனாவில், 'வாசலைக் காட்டி வெளியே அனுப்பியதும் நீங்கள்தான். மறந்துவிட்டீர்களா?' என்று எழுதியிருந்தது. எழுதியவர் வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பவர்.

தாளாளர் அறைக்கு நானும் போனேன். கடிதத்தை மேசையில் வைத்து, "இந்தப் பட்டியலை யார் போட்டது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "எங்க பிரிவுலேர்ந்து போனது சார். நான்தான்" என்றார்.

"எல்லாருக்கும் போன் பண்ணி, தவறுதலா வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க."

"வாங்கன்னு சொல்ல எத்தனை போன் வேணாலும் பண்றேன் சார். வராதீங்கன்னு சொல்ல ஒண்ணுகூட என்னால முடியாது. அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு தடவை அதைச் சொல்லியாச்சு."

தாளாளர் கடிதத்தின் பின்பக்கத்தை மறுபடி படித்தார். "வந்து மேடையில ஏதாவது பேசிட்டாங்கன்னா?"

"பேசட்டும் சார்."

"அப்ப பொறுப்பு உங்களோடது. விழா கெட்டுப்போச்சுன்னா அடுத்த மாசம் அந்த ரூமைக் காலி பண்ணவேண்டியிருக்கும்."

"சரி சார்."

வீட்டில் விஷயத்தைக் கேட்டு அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "எப்படியோ, படிக்கட்டுக்கு அடியிலேர்ந்து வெளிய வரப்போற" என்றார். அண்ணி சிரித்தார். ஆனால் சாப்பிட்ட தட்டை இரண்டு தடவை கழுவினார்.

அடுத்த பத்தொன்பது நாளும் தோடு குவளையிலேயே கிடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அண்ணி நின்றபடியே பேசினார். சிலர் திட்டினார்கள், அண்ணி முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?" என்பார். சிலர் அழுதார்கள். பேருந்து ஓட்டும் ஓர் அம்மாள், "நான் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன்னு என் பிள்ளைங்களுக்கே தெரியாதுங்க" என்றார். அப்போதும் அண்ணியின் விரல், படத்தில் இரட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கீழேயே இருந்தது.

ஓடு பதிப்பவர் மூன்று தடவை இணைப்பைத் துண்டித்தார். நான்காம் தடவை அண்ணி அவசரமாகச் சொன்னார்: "உங்களை வரச் சொல்லிக் கூப்பிடலைங்க. ஒன்பதாம் கிளாஸ் போட்டோவுல உங்க பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாரு, வலமிருந்து மூணாவது. பேரு தெரியலை. அதைக் கேக்கத்தான்."

இந்தத் தடவை அவர் துண்டிக்கவில்லை. "காது விடைச்சுக்கிட்டு இருக்குமே, அவனா?"

"அவரேதான்."

"அவன் பெஞ்சு மூலையை விட்டு எந்திரிக்கவே மாட்டான். 'மூலை'ன்னு கூப்பிடுவோம். நிஜப் பேரு ஞாபகம் இல்லீங்க. என்னை அனுப்பின அன்னைக்குத்தான் அவனையும் அனுப்பினாங்க. ரெண்டு பேரும் பேசிக்காமலே நடந்து போனோம்." சற்று நிறுத்தி, "என்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"விசில்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

காலி வரியில் அண்ணி 'மூலை' என்று எழுதினார். அன்று மாலை பதிவேட்டு அறைக்குப் போய் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, விசிலை அனுப்பிய தேதியில் வேறு யாரை அனுப்பினார்கள் என்று பார்த்துவிட்டு, கையெல்லாம் தூசியோடு வந்தார். "முகவரி கிடைச்சுதா அண்ணி?" என்றேன். "ம். இவரை நான் நேர்ல பாத்துக்கிறேன்" என்றதோடு சரி.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாளாளர் மறுபடி கூப்பிட்டார். "ஒன்பதோட போனவங்களை முன்வரிசையில உக்காரவைக்க வேணாம்மா. படிப்பை முடிக்காதவங்க எப்படி நம்ம பள்ளிக்கூடத்து ஆளுங்க ஆவாங்க?"

அண்ணியிடம் பதில் இல்லாமல் போகாது. ஆனால் அன்று அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "போட்டோவுல இருக்காங்க சார்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

விழா நாளன்று நுழைவு மேசையில் சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டைகளை அடுக்கி வைத்தோம். டாக்டர், இயக்குநர் என்ற பட்டங்கள் எதுவும் அதில் கிடையாது. அது அண்ணியின் சட்டம். பெயர், பட்டப்பெயர், வகுப்புப் படத்தில் நின்ற இடம், அவ்வளவுதான். மேசைக்கு வந்தவர்கள் 'கடைசி வரிசை, இடது கோடி' என்பதைப் படித்ததும் அந்தக் கோடிக்கே போய்விட்டதுபோலச் சிரித்தார்கள். ஒன்பதோடு போனவர்களில் நூற்று முப்பத்தேழு பேர் வந்தார்கள். 'மூலை' என்று நான் அச்சிட்ட அட்டை மட்டும் மேசையில் இல்லை. எங்கோ தவறிவிட்டது என்று நினைத்தேன்.

ஓடு பதிப்பவர் மனைவியோடு வந்து வாசலுக்கு வெளியே, பதாகைக்குக் கீழே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. அண்ணி மேசையை விட்டு எழுந்து போனார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர் சட்டையில் அட்டையைக் குத்தினார்.

"வாங்க விசில். படம் எடுக்க ஆள் காத்திருக்காங்க."

அவர் மனைவி அட்டையைப் படித்துவிட்டு, "விசிலா? இத்தனை வருஷமா என்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று அவர் முதுகில் தட்டி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்.

அந்தப் படம் எடுப்பதுதான் விழாவின் முக்கிய நிகழ்ச்சி. ஒவ்வொரு வகுப்பும் பழைய படத்தில் நின்ற அதே இடத்தில், அதே வரிசையில் நிற்கவேண்டும். முந்தைய சந்திப்புகளில் இடையிடையே விழுந்த ஓட்டைகளை, "நெருங்கி நில்லுங்க" என்று சொல்லி மூடிவிடுவார்கள். இந்த முறை வரிசைகள் தாமாகவே நிரம்பின. ஒரு கம்பெனி இயக்குநர் தன் பக்கத்தில் வந்து நின்ற தையல்காரரைப் பார்த்து, "டேய், நீ இல்லாம பத்தாம் கிளாஸ்ல எனக்குக் கணக்கே வரலைடா" என்றார். "எனக்கு மட்டும் வந்துச்சா? அதுக்குத்தானே அனுப்பினாங்க" என்றார் தையல்காரர். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

விசில் நின்ற படத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நடு வரிசை, வலமிருந்து மூன்றாவது. புகைப்படக்காரர், "மேடம், அந்த கேப்பை மூடச் சொல்லுங்க" என்றார்.

"வேணாம். அந்த இடம் இருக்கட்டும்" என்றார் அண்ணி.

தாளாளர் எந்தப் படத்திலும் நிற்கவில்லை. மாடி வராந்தாவின் கோடியில் கைப்பிடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதி கேட்பதற்கு அண்ணி மேடை ஏறவில்லை. படத்தின் ஒரு வரிசை நூலகத்தின் ஓர் அலமாரி என்று மட்டும் எழுதி, ஒவ்வொரு வகுப்பின் படத்துக்கும் கீழே ஒரு தாளைத் தொங்கவிட்டிருந்தார். வரிசைக்காரர்களே ஒருவரை ஒருவர் இழுத்துவந்து கையெழுத்துப் போட்டார்கள். யாரும் மேடையேறி எதையும் கெடுக்கவில்லை. விசில் மட்டும் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கி, "கணக்குல நான் ரொம்ப மோசம். ஆனா ஒரு ரூமுக்கு எத்தனை டைல்ஸ் வேணும்னு கண்ணாலயே சொல்லிடுவேன். நூலகத்துத் தரை என் பொறுப்பு, கூலி வேணாம்" என்றார். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். ஐம்பது வருடப் பள்ளியின் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாலைக்குள் நூலகத்துக்கு வேண்டியதற்கு மேலாகவே சேர்ந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு தாளாளர் எங்கள் மேசைக்கு வந்தார். காய்வதற்காக விரித்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றின் முன் நின்றார்.

"இந்த இடம் ஏன் காலியா இருக்கு?"

"அவர் இன்னும் வரலை சார்" என்றார் அண்ணி.

அவர் தலையாட்டிவிட்டு, "அந்த ரூமுக்கு ஒரு நல்ல விளக்கு போடச் சொல்றேன்" என்று சொல்லிப் போனார். அண்ணி தோட்டைத் தேடி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த வருடம் பதாகை மாறியது. அதில் பள்ளியின் பெயர் மட்டும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து யாரையும் அனுப்பவில்லை. காரணத்தை யாரும் அறிவிக்கவில்லை. நூலகத் தரை விசில் பதித்தது. ஓர் ஓடுகூட ஆடாது. அண்ணியின் அலுவலகம் அதன் மாடிக்குப் போனது. "இனிமே லிஃப்ட் வச்சாத்தான் மரியாதை" என்றார் அண்ணன்.

அறை மாற்றிய அன்று மேசை இழுப்பறையைக் கழற்றித் தூக்கிவந்தது நான். அடியில், பழைய படங்களுக்குக் கீழே, அஞ்சலில் சேர்க்காத ஓர் அழைப்பிதழ் உறை இருந்தது. ஒட்டவில்லை. உள்ளே, தவறிவிட்டது என்று நான் நினைத்த அட்டை: 'மூலை. ஒன்பதாம் வகுப்பு. நடு வரிசை, வலமிருந்து மூன்றாவது.' உறையின் மேல் அண்ணி தன் கையெழுத்தில் எழுதியிருந்தது தாளாளரின் பெயரும் அவருடைய வீட்டு முகவரியும்.