வெட்டுக்காயப் பூண்டும் என் பயமும்

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி நான் திருமுல்லைவாயிலுக்கு வந்தேன். அந்த வருடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குளியலறைக் கதவுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்த என் கணவரின் கையில், முழங்கைக்குக் கீழே, துருப்பிடித்த விளிம்பு நீளமாகக் கிழித்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். காயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரயில் பாதையோரம் போனவர், கை நிறையத் தழையோடு திரும்பினார். சொரசொரப்பான இலை, நீளமான காம்பில் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் பூ. வெட்டுக்காயப் பூண்டு. கழுவிக் கசக்கி, பச்சைச் சாற்றைக் காயத்தில் பிழிந்துவிட்டார். எரிச்சலில் இவர் பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது.

"அவ்ளோதாம்மா. இன்னாத்துக்கு அழுதுகினு கீறே? எங்க ஊட்ல எந்தக் காயத்துக்கும் இதான்."

"ஊசி போட வேணாமாக்கா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ரத்தந்தான் நின்னுடுச்சே, அப்புறம் இன்னா ஊசி?" அம்பத்தூரில் பிரஸ் மிஷின் ஓட்டுகிற, நல்ல திடகாத்திரமான ஆள். ஊசி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்த அரக்கோணத்தில் எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருந்தார். காலில் ஆணி ஏறியதைச் சட்டை செய்யாமல் விட்டவர். வாய் பூட்டிக்கொண்டு, உடம்பு வில்லாக வளைந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தார். ரண ஜன்னி என்றார்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்த அந்த முகம் இப்போது என்னை விடவில்லை.

தினமும் அக்கா சொன்னபடி புதுத் தழை வைத்துக் கட்டினேன். காயம் ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. என் பயம் மட்டும் ஆறவில்லை. சாப்பிடும்போது அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேண்டுமென்றே முறுக்கு வாங்கி வைப்பேன். கடிக்கிற சத்தம் கேட்டால்தான் நிம்மதி.

"இன்னா இப்டி பாத்துகினே கீறே?"

"ஒண்ணுமில்லைங்க. சாப்பிடுங்க."

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்துவிட்டார்.

"வாய் தொறக்க முடில."

தட்டை அப்படியே போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். எதற்கும் அசராத அந்த அக்கா, அவர் பாதி திறந்த வாயைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யம்மா, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. நிக்காதே."

ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியவில்லையா, பேசப் பிடிக்கவில்லையா என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. கோத்திருந்த கை சில்லென்றிருந்தது. அது அவர் கையா என் கையா என்றே தெரியவில்லை.

வயதான டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறை அழுத்தினார். இவர் துள்ளினார்.

"கடைசிக் கடவாய்ப் பல் இப்பத்தான் முளைக்குது. ஈறு வீங்கியிருக்கு. அதான் திறக்க முடியல."

ஸ்டூலில் உட்கார்ந்து தகரம் கிழித்த கதையைக் கொட்டினேன். டாக்டர் கட்டைப் பிரித்தார். காயம் சீழ் இல்லாமல் ஆறியிருந்தது.

"தழை நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஆனா ரத்தத்தை நிறுத்துறது வேற, ஜன்னியைத் தடுக்கிறது வேற. அதுக்கு ஊசிதான். அன்னிக்கே போட்டிருக்கணும்." சொல்லிக்கொண்டே மருந்தை ஏற்றினார். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது, வீங்கிய வாயோடு மெதுவாகச் சொன்னார்: "தகரம் கிழிச்சதுலேர்ந்து கம்பெனில டெய்லி கண்ணாடி முன்னாடி நின்னுகினு வாயத் தொறந்து தொறந்து பாப்பேன். நீ பயப்படுவேன்னு சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, பஸ் என்றும் பாராமல், அழுகை வந்தது.