டீ குடிக்கும் துப்பாக்கி

1. கோப்பு வந்தது

செங்கல்பட்டில் கோட்டாட்சியரின் நேர்முக உதவியாளராக நான் இருந்தபோது, ஒரு கோப்போடு பென் டிரைவ் ஒன்றும் வந்தது. அதில் இருந்தது ஒரு பாட்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்த பிரபு என்பவர் பாடிய கானா. அதை வைத்து, பொது அமைதிக்கு ஆபத்தான அவரிடம் ஓராண்டுக்கு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்க வேண்டும் என்று காவல் ஆய்வாளர் அறிக்கை அனுப்பியிருந்தார். யாரோ கைப்பேசியில் பிடித்துப் பரப்பிய துண்டு அது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வரிகளைக் காவலர் ஒருவர் தட்டச்சு செய்திருந்தார்:

தோள்மேல ரெட்டக்குழலு, நான் நின்னேன் வாசல்ல
என்னத் தாண்டிப் போனவன் எவனுமில்ல ஊருல
எலெக்சன் வந்துச்சின்னா எல்லாத் துப்பாக்கியும் ஸ்டேசன் போவும்
எந்துப்பாக்கி மட்டுந்தான் எங்கூட டீ குடிக்கும்

கீழே ஆய்வாளரின் பொழிப்புரை. முதல் வரி, ஆயுதம் வைத்திருப்பதற்கான ஒப்புதல். இரண்டாவது, பொதுமக்களை வழிமறித்தல். மூன்றும் நான்கும், தேர்தல் காலத்தில் ஆயுதத்தை ஒப்படைக்காமல் பதுக்கியது. நான் தமிழ் இலக்கியம் படித்தவன். கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் ஒரு பாட்டிலிருந்து இவ்வளவு பொருளைக் கறந்ததில்லை.

வீட்டைச் சோதனை போட்டதில் ஒரு டோலக்கு மட்டும் கிடைத்தது என்றும் அறிக்கையில் இருந்தது. துப்பாக்கி மறைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று முடித்திருந்தார்.

பிரபு மறைமலைநகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதம்தான் நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. நிரந்தரம் செய்யுமுன் கம்பெனி காவல்துறையிடம் விசாரித்துச் சான்று கேட்கும். பிணை எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சான்று கிடைக்காது. நான்கு வரிப் பாட்டுக்கு ஒரு வேலை என்பது கொஞ்சம் அதிக விலை.

2. மூன்றாவது வரி

என்னை உறுத்தியது மூன்றாவது வரி. அதற்குமுன் ஆட்சியர் அலுவலகத்தில் படைக்கல உரிமப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். செய்யூர்ப் பக்கத்து மிராசுதார்கள், பிள்ளையைப் பள்ளியில் விடுவதுபோல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து ஒப்படைப்பார்கள். ஒரு சிலருக்கு மட்டும் குழு கூடி விலக்குத் தரும்.

இதெல்லாம் கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவனுக்குக் கவலை இல்லை. ஒப்படைப்பதைப் பற்றிப் பெருமையோ வருத்தமோ உரிமம் உள்ளவனுக்குத்தான் வரும். இந்தப் பையனுக்கு உரிமம் கிடையாது. பிறகு இந்த வரி எங்கிருந்து வந்தது? கையெழுத்துக்கு வைக்க வேண்டிய கோப்பை மூடிவிட்டு, பென் டிரைவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரிவு எழுத்தர்கள், எனக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டதை அன்றுதான் உறுதி செய்துகொண்டார்கள்.

3. விசாரணை

பிரபு கம்பெனிச் சட்டையோடு வந்தார். அரை நாள் விடுப்பாம். கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள் கோயிலில் இறக்கிவிட, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோட்டாட்சியர் இளம் வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் கேட்பவர்.

“துப்பாக்கி யாரோடதுப்பா?”

“எத்திராஜ் அண்ணாத்தயோடது மேடம்.”

“அவர் எங்க?”

“செத்துட்டாரு மேடம். அவரு தலமாட்டுல குந்திகினுதான் இந்தப் பாட்டயே பாடுனேன்.”

எத்திராஜ் ராணுவத்தில் இருந்து திரும்பி, வங்கி ஒன்றில் காவலாளியாக இருந்தவராம். ஆய்வாளர் விடவில்லை.

“நான் நின்னேன், எந்துப்பாக்கின்னு பாடறியே, அது அவரா?”

“சார், பொணம் பேசுமா? கடைசியா ஒரு தபா அவரு பேசற மாரி நாங்கதான் பாடணும். எங்காண்ட அப்படித்தான். போன மாசம் மீன் விக்கிற ஆயா ஒண்ணு செத்துச்சி. கூடைய நான் தூக்குனேன், கானாங்கெளுத்தி நான் வித்தேன்னு பாடுனேன். நான் இன்னா மீனா விக்கிறேன்?”

கோட்டாட்சியர் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். ஆனால் ஆய்வாளர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. மாட்டிக்கொண்ட எவனும் செத்தவன்மேல் பழியைப் போடலாம், செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை என்றார். நடைமுறை தெளிவாகத்தான் இருக்கிறது: சந்தேகம் என்றால் சாட்சி. எத்திராஜின் மனைவி குப்பம்மாளுக்கு அழைப்பாணை அனுப்பச் சொன்னேன்.

அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மாள் வந்தார். பாட்டைப் போட்டோம். முதல் வரியில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டவர், டீ வரியில் சிரித்துவிட்டார். தேர்தலில் எல்லாரும் துப்பாக்கியைக் கொடுத்தபோது, வங்கிக் காவல் என்பதால் அவர் கணவருக்கு மட்டும் விலக்குக் கிடைத்ததாம். டீக்கடையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அத்தகைய விலக்கு ஆணைகளை வரைவு எழுதியவன் நான். அவற்றில் ஒன்று பாட்டில் ஏறும் என்று அப்போது தெரியாது.

“பாட்டுல பேசறது யாரும்மா?” என்றார் கோட்டாட்சியர்.

“எங்க வூட்டுக்காரருதான். வேற யாரு பேசுவா?”

ஆய்வாளர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் பழைய பிரிவின் புத்தி வந்தது. உரிமதாரர் இறந்தால் வாரிசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

“அம்மா, அந்தத் துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?”

குப்பம்மாள் ஆய்வாளரைக் கை காட்டினார். “இவங்க ஸ்டேசன்லதான் கீது. கருமாதி முடிஞ்சதும் நானே கொண்டுபோய் குட்த்தேன். எலெக்சனுக்குக் கூடப் போவாதது, அன்னிக்குத்தான் போச்சி.”

ஆய்வாளர் கைப்பேசியோடு வெளியே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கோட்டாட்சியர் பார்வையாலேயே கேட்டார்.

“இருக்கு மேடம்,” என்றார். டோலக்கைத் தூக்கிப் பார்த்துத் தேடிய துப்பாக்கி, காவல் நிலையத்தில் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அறையில் எண்ணெய் போட்டுச் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது.

4. ஆணை

ஆணையின் வரைவை நான் எழுதினேன். பாடலில் ஆயுதம் வைத்திருப்பதாகக் கூறுபவர் பாடகர் அல்லர், காலஞ்சென்ற எத்திராஜ் என்பவர். அவர் இறந்துவிட்டபடியால் அவர்மீது மேல்நடவடிக்கை தேவையில்லை. அவரது ஆயுதம் முறைப்படி காவல் நிலையப் பாதுகாப்பில் உள்ளது. நேர்முக உதவியாளருக்குக் கிண்டல் ஜாஸ்தி என்று கோட்டாட்சியர் இதை அடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்திட்டார்.

இதைப் படிக்கும் இளநிலை உதவியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதுபவர், தினமும் எத்தனையோ பேருக்காக ‘நான் கணவனை இழந்தவள், நான் நிலமற்றவன்’ என்று எழுதுகிறார். அவரை யாரும் விதவை என்று நினைப்பதில்லை. பாட்டில் துப்பாக்கி வந்தால் மட்டும் ஏனோ நமக்கு அந்த அறிவு போய்விடுகிறது. என்ன சொல்கிறது என்பதற்குமுன் யார் சொல்கிறார் என்று கேளுங்கள். அப்படியே நம் சரக்கறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பிரபு நிரந்தரமாகிவிட்டார். நான் ஓய்வுபெற்ற அன்று கைப்பேசியில் கூப்பிட்டு வாழ்த்தினார். எனக்காகப் பாடுவதாக இருந்தால் என்ன பாடுவாய் என்று கேட்டேன்.

“அதுக்கு இப்ப இன்னா அவசரம் சார்? பொறுமையா எழுதுறேன்,” என்றார்.