குத்தாலம் பக்கம் இரண்டு பழைய கணினிகளும் ஒரு விருந்தினர் கணக்கும்

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஊர்ப் படிப்பகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கலாமா என்று இந்த வலைப்பதிவில் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். போன ஆடியில் கல்லூரி கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்களில் இரண்டை, குத்தாலம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் படிப்பகம் கேட்டு வாங்கியது. வாங்கிய கையோடு அவற்றை ஓட வைத்துத் தரவும் ஆள் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதைத் தவிர வேறு வேலை இல்லாதவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை.

கணினிகள் முன்பே வேனில் போய்விட்டன. நான் இரண்டு எஸ்எஸ்டி, ஒரு பென் டிரைவ், ஒரு ஸ்குரூ டிரைவர் செட்டோடு காலை பாசஞ்சரில் ஏறினேன். தஞ்சாவூரிலிருந்து குத்தாலம் சுமார் அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வண்டி நேரம் அடிக்கடி மாறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வாய்க்கால்களில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வரப்பெல்லாம் ஈரம். மனசு லேசாக இருந்தது என்பதை இப்போது எழுதவே எரிச்சலாக வருகிறது.

ஸ்டேஷனிலிருந்து ஊர் ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது என்று பேசி ஏறினேன். பாதி வழியில், படிப்பகத்துக்கு என்று சொன்னதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

“படிப்பகம்னா ஊருக்குள்ள போவணும் சார். நான் காலனின்னு நெனச்சு நூத்தம்பது சொல்லிட்டேன். இன்னும் ஒரு இருவது போட்டுக் குடுங்க.”

“ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?”

“வாய்க்கால் ஒண்ணுதான் சார்.”

“அதுக்கு இருவது ரூவாயா?”

“சுத்திக்கிட்டுல்ல போவணும்.”

அன்றைக்கு அது ஆட்டோக்காரரின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு நூற்றெழுபது கொடுத்தேன்.

படிப்பகச் செயலாளர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், ஓய்வு பெற்ற எழுத்தர். “வாங்க தம்பி, வாங்க” என்று வாசலுக்கே வந்துவிட்டார். என்ன வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. படிப்பக உறுப்பினர்களுக்குத் தனித்தனிக் கணக்கு, அவரவர் கோப்புகள் அப்படியே இருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பொதுவாக ஒரு விருந்தினர் கணக்கு.

“மத்தவங்கன்னா யாருங்க?” என்று கேட்டேன்.

“திருவிழாவுக்கு வர்ற சொந்தக்காரங்க, கோயில் சுத்திப் பாக்க வர்றவங்க... நம்ம பொருள் இல்ல பாருங்க, எதையாவது போட்டுவச்சுட்டுப் போயிடுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காராம தானா மூடிக்கற மாதிரி செஞ்சுடுங்க. பென் டிரைவும் வேணாம், வைரஸ் வரும்.”

நியாயமான கோரிக்கைதான். பொதுக் கணினியில் ஒருவர் விட்டுச் சென்ற ஆதார் நகல் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. செய்ய நினைப்பவர்களுக்காகச் சுருக்கமாக: நினைவகம் நான்கு ஜிபி இருந்தால் போதும், லினக்ஸில் எடை குறைந்த டெஸ்க்டாப் பதிப்பு ஒன்று நன்றாக ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள், தலா ஆயிரத்து முந்நூறு ஆனது. நிறுவ ஒரு கணினிக்கு இருபத்தைந்து நிமிடம். தொடக்கப் பட்டனை இடது கீழ் மூலையில் வையுங்கள், எல்லோருக்கும் கை அங்கேதான் போகும். மெனுக்களைத் தமிழில் மாற்றுங்கள். முகப்பில் ஆறு பெரிய ஐகான்களுக்கு மேல் வேண்டாம். விருந்தினர் வெளியேறியதும் அவருடைய கோப்புறை முழுவதும் அழிந்து, அடுத்தவருக்குப் புத்தம் புதிதாகத் திறக்கும்படி வைத்தேன். யாரும் கேட்காமலேயே தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் ஒன்றையும் போட்டுவைத்தேன். ஒவ்வொரு பாடமும் பத்து நிமிடம். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்.

செயலாளர் வீட்டில் வாழை இலையில் சாப்பாடு போட்டார்கள். வாழைக்காய் வறுவல் பிரமாதம். மாலை வண்டியில் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது முறை போனது கார்த்திகையில். பிரிண்டர் இணைக்கவும் மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல மழை. சம்பா வயல்களில் தண்ணீர் நின்றிருந்தது. இந்த முறை நகரப் பேருந்தில் போய், நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நனைந்துகொண்டே நடந்தேன்.

உள்ளே போனதும் ஒரு கணினி இடம் மாறியிருப்பதைப் பார்த்தேன். ஒன்று மின்விசிறிக்குக் கீழே. யாரும் இல்லை. இன்னொன்று பின்வாசல் ஓரம், சாரல் அடிக்கும் இடம். அதற்கு முன்னால் ஓர் இளம்பெண் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தார். பெயர் தமிழரசி. பி.காம். முடித்துவிட்டு மயிலாடுதுறையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். தைக் கடைசியில் தட்டச்சுத் தேர்வு எழுதுகிறார். தேறினால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சி நிலையத்தில் சேரப் பணமும் இல்லை, கடை நேரமும் ஒத்துவரவில்லை. வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம் இங்கே வந்து உட்காருகிறார்.

நான் போட்டுவைத்ததை ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்துகிறாரே என்ற குஷியில், “எத்தனாவது பாடம் போவுது?” என்று கேட்டேன்.

“ஆறாவது சார். மூணு மாசமா ஆறாவதுதான்.”

“ஏன்?”

“தெனம் வந்து உக்காந்தா மொதப் பாடத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. ஆறாவது முடியற நேரத்துக்குத் தானா மூடிக்குது. எனக்குத்தான் வேகம் பத்தலன்னு நெனச்சேன். இப்பல்லாம் நடு வரிசைய கண்ண மூடிக்கிட்டே அடிப்பேன்.”

முதல் ஆறு பாடங்களும் நடு வரிசை எழுத்துகள்தான். மேல் வரிசை ஏழாவதில்தான் தொடங்குகிறது. திரையின் மூலையைப் பார்த்தேன். விருந்தினர் கணக்கு. தினமும் அவர் எழுந்து போனதும், அவர் பழகிய தடமே இல்லாமல் அது துடைத்துப்போட்டிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். விசைப்பலகை மேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப எனக்கு வரலங்கறது இல்லியா சார்?”

“இல்லவே இல்ல. அந்தக் கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல உக்காந்திருந்தீங்கன்னா இந்நேரம் எல்லாப் பாடமும் முடிஞ்சிருக்கும்.”

“அது மெம்பருக்கு சார். நாங்க காலனி. எங்க எல்லாருக்கும் விருந்தினர்தான்.”

செயலாளர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கேட்டேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“அவங்கள யாரும் வேணாங்கலியே தம்பி. வந்து உக்காரத்தான செய்யறாங்க? முன்னயெல்லாம் இந்த வாசப்படி ஏறுவாங்களா?”

“திருவிழாவுக்கு வர்றவங்களுக்குன்னு சொன்னீங்க. இவங்க எந்த ஊர்லேர்ந்து வந்திருக்காங்க?”

“மெம்பர்னா கமிட்டி பாக்கணும், சந்தா இருக்கு.”

“சந்தா கட்டறேன்னு போன வருஷமே சொன்னேன் ஐயா,” என்றார் தமிழரசி, திரையைப் பார்த்தபடியே.

“சொன்ன, சொன்ன. கூட்டம் போடும்போது பாப்போம்மா,” என்றார் அவர், அத்தனை கனிவாக. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருக்கலாம். இந்த மனிதர் காபி சொல்லி அனுப்புகிறார். நிர்வாகி கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. மின்விசிறிக்குக் கீழே இருந்த கணினியில் தமிழரசி என்று ஒரு கணக்கைத் திறந்தேன். இரண்டு நிமிட வேலை. ஏதாவது சிக்கல் வந்தால் கூப்பிடச் சொல்லி என் எண்ணைக் கொடுத்து, அவருடையதையும் வாங்கிக்கொண்டேன். செயலாளர் பின்னால் நின்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியைக் குடிக்காமல் கிளம்பினேன். பேருந்தில் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மார்கழி பாதியில், பிரிண்டர் ஓடுகிறதா என்று கேட்கச் செயலாளரைக் கூப்பிட்டேன். நான் போன அடுத்த வாரமே குத்தாலத்திலிருந்து ஆள் வைத்து இரண்டிலும் திருட்டு விண்டோஸ் போட்டுவிட்டார்களாம். கடவுச்சொல் கமிட்டியிடம். “லினக்ஸ் யாருக்கும் பழகல தம்பி,” என்றார். உடனே தமிழரசியை அழைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன் சார்,” என்றார். என்னிடம் இருந்த பழைய லேப்டாப்பைச் சரிசெய்து, பயிற்சி மென்பொருளைப் போட்டு, தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பினேன். விசைகள் இரண்டு மாற்ற வேண்டியிருந்ததால் தாமதமாகி, அது போய்ச் சேரும்போது தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

இனி கிளம்பப்போகிறவர்களுக்கு. எஸ்எஸ்டி, தமிழ் மெனு, பெரிய ஐகான் எல்லாம் இருக்கட்டும். விருந்தினர் கணக்கு கேட்டால், அதில் உட்காரப்போகிற மூன்று பேரைப் பெயர் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். மூவரும் அதே ஊர்க்காரர்கள் என்றால் திறக்காதீர்கள். கணினி கொடுப்பதற்கு முன்பே உறுப்பினர் யார் யார் என்று வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் போய்க் கேளுங்கள். சாப்பாடு பிரமாதமாக இருக்கும் வீட்டில் இன்னும் இரண்டு கேள்வி கூடவே கேளுங்கள். நான் எதையும் கேட்கவில்லை, ரசம் இன்னொரு கரண்டி மட்டும் கேட்டேன்.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் தமிழரசியே கூப்பிட்டார். “நடு வரிசை எழுத்து வந்தா கை பறந்துச்சு சார். மேல் வரிசை வந்தா குனிஞ்சு தேட வேண்டியதாயிடுச்சு. பாதிப் பக்கம்கூட முடியல.” அடுத்த முறை எழுதலாம் என்றேன். எழுதுவேன் என்றார். வைப்பதற்கு முன் இதையும் சொன்னார்.

“எங்கம்மா தெனம் கேப்பாங்க சார், இன்னிக்கு எத்தனாவது பாடம்னு. ஆறு, ஆறுன்னு சொல்லச் சொல்ல, ஒரு கட்டத்துல கேக்கறதையே விட்டுட்டாங்க. நீங்க சொன்ன அன்னிக்கு வீட்டுக்குப் போயி வெவரத்தச் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘கம்ப்யூட்டர்லயுமா?’ன்னு மட்டும் கேட்டாங்க சார்.”