மாதுளை நிற ஷூவும் வெள்ளிக்கிழமை டிராமும்

காசாபிளாங்காவில் கிஸ்லான் கைக்கு வராத அபூர்வ ஷூ கிடையாது. அவள் காலுக்கு வந்த ஷூவும் கிடையாது. ஊருக்கு இத்தனை ஜோடிதான் என்று கம்பெனி அளந்து விடுகிற ஷூக்களை எப்படியாவது வாங்கிவிடுவாள். வரிசையில் நிற்பாள், குலுக்கலில் பெயர் கொடுப்பாள், கெஞ்சுவாள், சண்டை போடுவாள். வாங்கியதைப் பெட்டி நசுங்காமல் கட்டிலுக்கடியில் அடுக்கி, விலை ஏறியதும் தள்ளிவிடுவாள். தனக்கு மட்டும் வருடம் முழுக்கப் பிளாஸ்டிக் செருப்பு.

"மத்த பொண்ணுங்க கட்டிலுக்கடியில கல்யாணத்துக்குத் துணிமணி சேர்ப்பாளுங்க. நீ ஊரான் காலுக்குச் செருப்பு சேக்குற" என்பாள் அம்மா.

"செருப்பு இல்ல, யெம்மா. ஷூ."

முப்பத்து நான்கு வயதில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை தெர்ப் கல்லேஃப் சந்தையில் சொந்தமாக ஒரு கடை. பார்த்து வைத்திருந்த கடையில் ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வெளியேதான் நிற்க வேண்டும். இருந்தாலும் கடை கடைதானே! முன்பணத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. புதிதாக வரப்போகும் மாதுளை நிற ஷூவை விற்றால் அந்தக் குறை தீர்ந்துவிடும். வாங்க ஆள்கூடத் தயார். பெட்டி இருக்க வேண்டும், முன்பக்கத் தோலில் ஒரு மடிப்புகூட விழுந்திருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தான்.

இந்தத் தொழிலில் அவளுக்குக் கண்ணில் விரல் விட்டு ஆட்டும் எதிரி ஒருவன் உண்டு. பெயர் ஸுஹைர். அவள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் வரிசையில் அவள் இடத்தைப் பிடித்தவன். பதிலுக்கு அவன் விற்பது எல்லாம் போலி என்று அவள் சந்தை முழுக்கச் சொல்லி வைத்தாள். ஆனால் போன குளிர்காலத்தில் வரிசையில் திடீரென்று மழை கொட்டியபோது அவன் தன் மேல்சட்டையைக் கழற்றி மூடினான். அவளை அல்ல, அவள் கையிலிருந்த பெட்டிகளை. அது அவளுக்குப் பிடித்துப் போனது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த முறை அந்த ஷூவை விற்கும் கடைக்காரன் உஷாராகிவிட்டான். குலுக்கலில் ஜெயித்தவர்கள் பழைய செருப்பைத் தர்மப் பெட்டியில் போட்டுவிட்டு, புது ஷூவைக் காலில் மாட்டி நடந்துதான் வெளியே போக வேண்டும். மறுவியாபாரிகளை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. வாசலில் காவலாளி பூஅஸ்ஸா ஒவ்வொரு பையையும் துழாவினார். கிஸ்லான் ஒளித்து வைத்திருந்த மாற்றுச் செருப்பு சிக்கியது.

"இது எதுக்கும்மா?"

"ராசியான செருப்பு, மாமா."

"தர்மத்துக்கும் ராசியா இருக்கட்டும்" என்று பெட்டியில் போட்டுவிட்டார்.

குலுக்கலில் அவள் பெயரும் வந்தது, ஸுஹைர் பெயரும் வந்தது. விரல் மடங்கினால் தோலில் மடிப்பு விழும். அதனால் இருவரும் காலைப் பலகை மாதிரி வைத்து, முழங்காலை விறைத்துக்கொண்டு, வாத்து நடை நடந்து வெளியே வந்தார்கள். பூஅஸ்ஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளிக்கிழமை மதியம் வேறு. வெறுங்காலோடு போகலாமென்றால் தரை வெயிலில் கொதித்தது. செருப்புக் கடைகள் மூடியாயிற்று, டாக்ஸிக்காரர்களும் குடும்பத்தோடு ஒரே தட்டில் கூஸ்கூஸ் சாப்பிட வீட்டுக்குப் போயாயிற்று. மிச்சமிருந்தது டிராம்தான்.

நிறுத்தத்தில் காலிப் பெட்டியும் கையுமாக இருவரும் நின்றார்கள்.

"நல்லாத்தான் நடக்குறீங்க, லல்லா. எங்க கத்துக்கிட்டீங்க?" என்று, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வைப் போட்டே கிண்டினான் ஸுஹைர்.

"உங்க பின்னாடிதானே வந்தேன், பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"மடிப்பு விழுந்துச்சா?"

"உங்களுக்கு ஏன் சொல்லணும்?"

அவனுடைய டிராம் முதலில் வந்தது. கண்ணைக் கால் விரலை விட்டு எடுக்காமல் மெல்ல ஏறினான். கதவு மூடியது. அப்போதுதான் பார்த்தாள், அவன் பெட்டி பெஞ்சிலேயே இருந்தது.

பெட்டி இல்லாத ஷூவுக்குப் பாதி விலைதான். இனி இந்த ஊரில் பெட்டியோடு இருக்கும் ஜோடிகளில் ஒன்று குறைந்தது. தன்னுடையதற்கு இன்னும் கூட்டிக் கேட்கலாம். கடைச் சாவியே கைக்கு வந்துவிட்டது போல அவளுக்கு மனசு துள்ளியது. மறுகணமே அந்த மழை ஞாபகம் வந்து தொலைத்தது. நனைந்துகொண்டே பெட்டிகளின் மூலைகளைத் தடவிப் பார்த்த அந்தப் பைத்தியக்காரன் முகமும் வந்தது.

"சனியனே!" என்று சத்தமாகவே திட்டினாள். அவனையா, தன்னையா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு பெட்டிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பத்து விரலும் மடங்க, தோல் கசங்க, தண்டவாளத்தை ஒட்டி ஓடினாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. ஆயுசில் முதல் தடவையாக ஒரு நல்ல ஷூ காலில் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக இதையா பெட்டியில் பூட்டி வைத்தோம்!

டிராம் வளைவில் மெதுவாகத் திரும்பியது. அவள் ஓடுவதை ஸுஹைர் கண்ணாடி வழியே பார்த்தான். அவன் பார்த்தது பெட்டியை அல்ல, அவள் காலை. அந்த ஓட்டத்தின் விலை என்னவென்று அந்த வண்டியில் அவனுக்கு மட்டுமே தெரியும். அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்ததும் குதித்தான். விரலை மடக்கி, எம்பி, நன்றாகவே குதித்து அவளை நோக்கி ஓடி வந்தான்.

"போச்சே, உங்க ஷூ!" என்றான்.

"உங்களுதும்தான் போச்சு. எதுக்குக் குதிச்சீங்க?"

"நீங்க எதுக்கு ஓடுனீங்க?"

இருவரும் குனிந்து காலைப் பார்த்தார்கள், இரண்டு ஜோடியும் கசங்கியிருந்தது. கையில் மட்டும் இரண்டு அருமையான பெட்டிகள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

"சந்தையில ஒரு கடை பார்த்து வெச்சிருந்தேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ்வளவுதான், கைவிட்டுப் போச்சு."

"மூலைக் கடையா? நீலக் கதவு போட்டது?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் நானும் சேர்த்துட்டிருக்கேன்." கொஞ்சம் தயங்கினான். "ரெண்டு பேர் பணத்தையும் சேர்த்தா மிச்சமே வரும், லல்லா."

"அந்தக் கடையில ஒரு ஆள்தான் நிக்க முடியும்."

"நான் வெளிய நிக்கிறேன்."

கிஸ்லானுக்குத் தலைகால் புரியவில்லை. "பசிக்குது, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டு வாசலில் இருவரும் ஷூவைக் கழற்றினார்கள். அம்மா எட்டிப் பார்த்தாள். வாசலில் இரண்டு ஜோடி மாதுளை நிற ஷூக்கள் கிடந்தன, பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டும் கசங்கி, தெருப் புழுதியோடு. மகள் ஒரு ஷூவைத் தரையில் விட்டு அவள் பார்த்ததே இல்லை. பையன் யார் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய் இன்னொரு கரண்டியைக் கொண்டுவந்து கூஸ்கூஸ் தட்டில் செருகினாள்.