செவ்வாய்க்கிழமை விதைத்த சோளன்

முதல் முறை நான் சோளன் விதைத்தது ஆவணி மாதத்தில். மெல்பேணில் அந்த மாதத்தில் புத்தியுள்ள ஒருவரும் சோளன் விதைக்க மாட்டார்கள் என்று இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் என் வீட்டுக்குள்ளேயே, பின்பக்க யன்னலோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

அவர் என் கணவர். ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். கிளிநொச்சிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் திரிந்து, எப்போது உழுவது, எப்போது விதைப்பது, என்ன பசளை போடுவது என்று கமக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. சொல்லிக்கொடுப்பது என்றால் தன்மையாக இல்லை, ஏசித்தான். பிழையாக நட்டிருந்தால் வரம்பில் நின்றே கத்துவார். அவர்களும் சிரித்துக்கொண்டு பிடுங்கி நடுவார்கள். வீட்டிலும் அதே தொண்டைதான். தேங்காய்ப்பால் சொதியில் உப்புக் கூடினால் ஒழுங்கை முழுக்கத் தெரியவரும். கலியாணமான புதிதில் இந்த மனிசனோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறேன் என்று நான் அழுததுண்டு.

எழுபதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்தோம். அவருடைய படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இரும்பு வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குளிர்காலம் தொடங்க அதுவும் போயிற்று. சில கிழமைகள் வேலை தேடி அலைந்தார். பிறகு அந்தக் கதிரையில் போய் இருந்தார். இருந்தவர்தான், எழும்பவே இல்லை. சோற்றுக் கோப்பையை நீட்டினால் சாப்பிடுவார், நீட்டாவிட்டால் கேட்கமாட்டார். ஒருநாள் உப்பே போடாமல் ஒரு சொதி வைத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றுதான். பேசாமல் குடித்து முடித்தார். குசினி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒருநாள் பின்னேரம் யன்னலைப் பார்த்தபடி, "நான் இருந்து ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்றார். அன்றைக்கே மாத்திரைப் போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. விரிப்புகளை மடித்துக்கொண்டே இருப்பேன், மனம் முழுக்க வீட்டில் கிடக்கும். திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது அவர் உயிரோடு இருக்கவேண்டும். வேறு ஒரு ஆசையும் எனக்கு அப்போது இருக்கவில்லை.

அந்த நிலையில்தான் கடையில் சோளன் விதைப் பைக்கற்றைக் கண்டேன். பின்பக்கத்தில் வசந்த காலத்தில் விதைக்கவும் என்று இருந்தது. இங்கே வசந்தம் செப்ரெம்பரில் தொடங்குகிறது. ஊரிலும் மழையை நம்பி ஆவணி, புரட்டாதியில்தானே விதைப்பார்கள்? இரண்டு நாடும் ஒன்றாகச் சொல்கிறதே, இது கடவுள் காட்டும் வழி என்று நினைத்தேன். முளை வந்தால் அதைப் பார்க்கவாவது அவர் எழும்புவார். ஊரிலிருந்து கப்பலில் வந்த பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆவணி முடிவதற்குள் ஒரு சுபநாள் பார்த்தேன்.

விதை எல்லாம் சுருங்கிப்போய்க் கிடந்தது. எங்களுடைய சோளன் விதை பல்லுப்போல மொழுமொழுவென்று இருக்கும். இது காய்ந்துவிட்டதாக்கும் என்று முதல்நாளே தண்ணீரில் ஊறப்போட்டேன். விடிந்ததும் தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசி, வேலியோரமாக ஒரே வரியில் ஊன்றினேன். நிலம் சில்லென்று விரலைக் கடித்தது. நாங்கள் இருந்த இடத்துக்குப் பெயர் சண்ஷைன். வெயில் என்று அர்த்தமாம். பெயர் வைத்தவன் அந்தக் குளிரில் அங்கே ஒருநாளும் நின்றிருக்கமாட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இத்தாலிக்கார அன்ரி இருந்தா. எட்டிப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த இங்கிலீசில், குதிரை ஓடி முடியட்டும், பிறகு போடு என்றா. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை குதிரைப் பந்தயத்துக்காக இந்த நகரமே லீவு எடுக்கும். அதைத்தான் சொல்கிறா. எனக்குச் சிரிப்பாக வந்தது. நாங்கள் கிரகம் பார்த்து விதைக்கிற ஆட்கள், குதிரை பார்த்து விதைப்போமா?

ஒன்றும் முளைக்கவில்லை.

நவராத்திரி வந்தது. கும்பத்தைச் சுற்றி மண் பரப்பிப் பயறு தூவினேன். சாமித்தட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்ததால் பயறு மளமளவென்று பச்சையாக எழும்பிவிட்டது. அதைப் பார்த்து எனக்குத் திரும்பவும் நம்பிக்கை வந்தது. விஜயதசமியன்று தொடங்கிய காரியம் எங்கே பிழைத்திருக்கிறது? மிச்ச விதையில் பாதியை ஊறவைத்து அன்றைக்கே ஊன்றினேன். அடுத்தநாள் பிடித்த மழை பல நாள் விடவில்லை.

மழை விட்டதும் கிண்டிப் பார்த்தேன். விதைகள் கூழாகி மணத்தன. கூழைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், யன்னலுக்குள் அவர் முகம். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. சேற்றுக் கையோடே உள்ளே போனேன்.

"இது அழுகும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"முந்தியும் தெரியுமே?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

திரும்பவும் யன்னலைப் பார்க்கத் தொடங்கினார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரான் வயலில் ஒரு நாற்றுச் சாய்ந்திருந்தால் பொறுக்காத மனிதர், தன் பெண்சாதி இரண்டு தரம் விதையைக் கொண்டுபோய்ப் புதைத்ததைப் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். உடம்புதான் கதிரையில் இருக்கிறது, ஆள் எப்போதோ போய்விட்டார் என்று எனக்குப் பட்டது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பந்தய நாள் வந்தது. எனக்கும் லீவு. பின்னேரம் குசினியில் சும்மா நின்றபோது பஞ்சாங்கம் கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை. அட்டமி. அதிலும் ராகுகாலம் தொடங்குகிற நேரம். எங்களுடைய ஆட்கள் அந்த நேரத்தில் ஊசியில் நூல்கூடக் கோர்க்கமாட்டார்கள். எனக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. சுபநாள் எல்லாம் பார்த்து என்ன கண்டேன்? கிரகங்களே, செய்கிறதைச் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டு, ஊறவைக்காமல், தோயாமல், மிச்ச விதையோடு பின்வளவுக்குள் இறங்கினேன். வேலியோரம் இருந்து அழுதபடி, பழையபடி ஒரே வரியில் குத்திக்குத்தி ஊன்றினேன். முளைக்கவேண்டும் என்றல்ல. கையில் இருப்பதைத் தொலைத்துத் தலைமுழுகத்தான்.

தெரு முழுக்க றேடியோக்கள் ஓடும் குதிரைகளைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையும் மேவிக்கொண்டு இன்னொரு சத்தம் கேட்டது.

"உமக்கென்ன விசரே?"

திரும்பினேன். வெறுங்காலோடு படியில் நின்றார்.

"ஆர் சோளனை ஒரு வரியிலை போடுறது? ஒண்டின்ரை மகரந்தத் தூள் மற்றதிலை விழவேண்டாமே? கதிர் எல்லாம் பொக்கைவாயாத்தான் வரும். நாலு வரியாப் போடும், நெருக்கிப் போடும். இது இனிப்புச் சோளன், சீனி விதை, தண்ணியிலை ஊறப்போட்டுக் குளிர் நிலத்துக்குள்ளை தாட்டா அழுகாமல் என்ன செய்யும்?"

இறங்கி வந்தார். காலால் மண்ணைக் கிளறி, குந்தியிருந்து உள்ளங்கையை நிலத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இப்பதான் சூடு பிடிச்சிருக்கு," என்றார். பிறகு நான் ஊன்றியதை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். "என்ன இவ்வளவு ஆழம்? கிணறே வெட்டினீர்?"

எனக்கு அழுகை நிற்கவில்லை. வடிவாக ஏசுங்கோ, இன்னும் ஏசுங்கோ என்று மனதுக்குள் கும்பிட்டேன். அந்தத் தொண்டையைக் கேட்டு எத்தனை மாதம். இத்தாலிக்கார அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, சண்டை என்று நினைத்துத் தலையை இழுத்துக்கொண்டா. நாலு வரியையும் அவரே போட்டு முடித்தார். முடித்ததும் பழையபடி போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

அவ்வளவுதானா என்று நினைத்தேன். இரவுச் சமையலுக்கு அரிசி அள்ளும்போது மாத்திரைப் போத்தல் கையில் தட்டுப்பட்டது. அதை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டேன்.

அடுத்தநாள் காலை வேலைக்கு வெளிக்கிட்டு வந்து பார்க்கிறேன், கதிரை வெறுமையாக இருந்தது. குளியலறைக்கு ஓடினேன், அங்கே இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

வளவுக்குள் நின்றார். என்னுடைய பழைய நூல்சேலையொன்றைக் கிழித்து, தடி நட்டு, விதைத்த மண்ணுக்கு மேலால் கட்டிக்கொண்டிருந்தார். வேலியில் இரண்டு மைனா. அவற்றை ஏசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார்.

"பஸ் போகப்போகுது. என்ன வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். பிறகு, "போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.